மின் சுவிட்சுகள்: வகைகளும் கம்பம் பள்ளத்தாக்கில் அவற்றின் வரலாறும்

மின் சுவிட்சு என்பது ஒரு மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் கருவியாகும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு ‘ஆளி’ என்ற சொல் நிலைபெற்றுள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளி அறிவியல் நூல்களில் ‘சாவி’ என்றும் ‘சுவிட்சு’ என்றும் எழுதுவர். மக்கள் பேச்சில் எங்கும் சுவிட்சுதான்.

விளக்கை எரியவிடுவதும் அணைப்பதும் மட்டுமே சுவிட்சின் வேலை என்று தோன்றலாம். ஆனால் அதன் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு வகைச் சுவிட்சும் ஏதேனும் ஓர் ஆபத்திலிருந்து மனிதரைக் காக்கவே உருவானது என்பது தெரியவரும். தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையில் உள்ள வீரபாண்டி போன்ற ஓர் ஊரில் இந்த வரலாறு முழுவதையும் காணலாம். ஒரு வீடு, ஒரு தோட்டத்துக் கிணறு, ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு திருவிழாத் திடல் ஆகிய நான்கு இடங்களைப் பார்த்தாலே பெரும்பாலான வகைகள் கண்ணில் படும்.

பள்ளத்தாக்கிற்கு மின்சாரம்

சென்னை நகரில் மின்சார டிராம் வண்டி 1895இல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையும் திறக்கப்பட்டு, மேற்கு நோக்கி ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திரும்பியது. அந்த நீர் முதலில் வயலுக்குத்தான் வந்தது. அதிலிருந்து மின்சாரம் எடுக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

சென்னை மாகாணத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டமான பைக்காரா 1932இல் இயங்கத் தொடங்கியது. 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் தொடர்ந்தன. 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியத்தின் முன்னோடியான சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே, கூடலூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள லோயர் கேம்பில் பெரியாறு மின்நிலையத்தின் முதல் இயந்திரம் சுழன்றது. 1965க்குள் தலா 35 மெகாவாட் திறனுள்ள 4 இயந்திரங்கள் அங்கு நிறுவப்பட்டன. காமராசர் முதலமைச்சராக இருந்த அந்த ஆண்டுகளில் மின்கம்பங்கள் ஊர் ஊராக நடப்பட்டன. கிராமத்து வீடுகளின் சுவரில் முதல் சுவிட்சு பொருத்தப்பட்டதும் அப்போதுதான்.

தீப்பொறியும் விசைச் சுருளும்

அந்தச் சுவிட்சின் கதை இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தொடங்குகிறது. ஜோசப் சுவான் தம் மின்விளக்கை மக்களுக்குக் காட்டிய ஊர் அது. விளக்கு வந்துவிட்டது. அதை அணைப்பதுதான் சிக்கலாக இருந்தது. அன்றைய மின்சாரம் பெரும்பாலும் நேர்மின்சாரம். இரண்டு உலோகத் துண்டுகளை மெல்லப் பிரித்தால், இடைவெளியில் மின்சாரம் தீச்சுடராகத் தாவி நிற்கும். இதற்கு மின்வில் என்று பெயர். அது உலோகத்தை உருக்கும். அருகில் மரமோ துணியோ இருந்தால் பற்றவைக்கும்.

ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்ற பொறியாளர் 1884இல் இதற்கு வழி கண்டார். பிரிக்கும் வேலையைக் கையின் வேகத்திற்கு விடாமல், ஒரு விசைச் சுருளிடம் ஒப்படைத்தார். கைப்பிடியைப் பாதி தூரம் தள்ளியதும் சுருள் தானாகத் தாவித் தொடுமுனைகளை ஒரே நொடிப்பில் பிரித்துவிடும். எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் பிரியும் வேகம் ஒன்றுதான். சுவிட்சைத் தட்டும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஓசை இந்தத் தாவலின் ஓசையே.

மாறுமின்சாரம் பரவிய பின் இச்சிக்கல் தணிந்தது. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வீதம் மாறுகிறது. அதாவது நொடிக்கு 100 முறை அது சுழியைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் மின்வில் தானே அணைய ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. இன்றைய வீட்டுச் சுவிட்சுகள் இவ்வளவு சிறியனவாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வீட்டுச் சுவரில்: டம்ளர், பியானோ, மாடுலர்

1950, 60களில் கட்டிய வீடுகளில் தேக்குச் சட்டங்களைச் சுவரில் அறைந்து, அவற்றின் மேல் கம்பிகளைத் தகரக் கிளிப்புகளால் பிடித்து ஒயரிங் செய்தனர். சட்டம் முடியும் இடத்தில் ஒரு வட்டமான மரக்கட்டை இருக்கும். அதன் மேல் பீங்கான் அடியும் பித்தளை அல்லது பேக்கலைட் மூடியும் கொண்ட உருண்டையான சுவிட்சு அமர்ந்திருக்கும். இதற்கு டம்ளர் சுவிட்சு என்று பெயர். காப்பி டம்ளருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘தலைகுப்புற விழுவது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. குமிழ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதால் இப்பெயர் பெற்றது. இங்கிலாந்து வழக்கப்படி இந்தியாவிலும் குமிழைக் கீழே தட்டினால் எரியும், மேலே தள்ளினால் அணையும். அமெரிக்காவில் இது தலைகீழ்.

பேக்கலைட் என்பது 1907இல் லியோ பேக்லண்ட் கண்டறிந்த செயற்கைப் பொருள். சூட்டில் உருகாது, மின்சாரத்தைக் கடத்தாது. விரல் படும் இடத்தில் பித்தளைக்குப் பதிலாக இது வந்தபின், பழுதான சுவிட்சைத் தொட்டு அதிர்ச்சி அடைவது வெகுவாகக் குறைந்தது.

அடுத்து வந்தது பியானோ சுவிட்சு. பியானோவின் கட்டைகளைப் போலத் தட்டையாக வரிசையில் நிற்பதால் இப்பெயர். 1963இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஆங்கர் நிறுவனம் இந்த வகையை நாடெங்கும் பரப்பியவற்றுள் முதன்மையானது. மரப்பெட்டியின் மேல் மைக்கா பலகை வைத்து, அதில் நான்கு சுவிட்சு, ஒரு பிளக், ஒரு மின்விசிறி ரெகுலேட்டர் எனப் பொருத்தும் ‘சுவிட்சு போர்டு’ இக்காலத்தில்தான் வழக்கமானது. இப்போது கட்டும் வீடுகளில் சுவருக்குள் குழாய் பதித்து, மாடுலர் சுவிட்சுகள் பொருத்துகின்றனர். இவற்றில் கம்பி இணைக்கும் முனைகள் பின்பக்கம் மறைந்திருப்பதால் விரல் தவறிப் படாது.

இவை தவிரச் சில சிறப்பு வகைகளும் வீடுகளில் உண்டு. கட்டில் தலைமாட்டில் கம்பியின் நுனியில் தொங்கும் பெட் சுவிட்சு, அழுத்தியிருக்கும் வரை மட்டுமே இணைக்கும் அழைப்பு மணிப் பொத்தான், ஈரக் கையால் சுவரைத் தொடாமலிருக்கக் குளியலறைக் கூரையில் பொருத்தும் இழுகயிற்றுச் சுவிட்சு ஆகியவை அவற்றுள் சில.

பேஸ் கம்பியில்தான் சுவிட்சு

வீட்டிற்கு வரும் இரண்டு கம்பிகளில் பேஸ் என்பது மின்னழுத்தம் உள்ளது. நியூட்ரல் என்பது டிரான்ஸ்பார்மரில் நிலத்தோடு இணைக்கப்பட்டது. சுவிட்சை எந்தக் கம்பியில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். அதனால் இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர் உண்டு. உயிரைப் பறிக்கும் தவறு இங்குதான் நேர்கிறது.

சுவிட்சை நியூட்ரலில் வைத்தால், விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டர் வரை 230 வோல்ட் மின்னழுத்தம் காத்து நிற்கும். ‘சுவிட்சை அணைத்துவிட்டேனே’ என்ற நம்பிக்கையில் பல்பு மாற்றுபவர் உலோக முனையைத் தொட்டால், மின்சாரம் அவர் உடல் வழியே நிலத்திற்குப் பாயும். பேஸில் சுவிட்சு இருந்தால் அணைத்தவுடன் ஹோல்டர் உண்மையிலேயே உயிரற்றதாகிவிடும். இதனால்தான் 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32ஆவது விதி, நிலத்தோடு இணைந்த நியூட்ரல் கம்பியில் தனியாகச் சுவிட்சோ பியூசோ வைக்கக் கூடாது என்றது. அதன்பின் வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன. ஒரு வீட்டின் ஒயரிங் சரியா என்று அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சின் அழகையோ விலையையோ அல்ல, அது எந்தக் கம்பியில் உள்ளது என்பதையே. டெஸ்டர் ஒன்று போதும். ஐந்து நிமிட வேலை.

ஒரு விளக்கு, இரண்டு சுவிட்சு

சாதாரணச் சுவிட்சுக்கு இரண்டு முனைகள். இருவழிச் சுவிட்சுக்கு மூன்று. மாடிப்படியின் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு இருவழிச் சுவிட்சுகளை வைத்தால், கீழே எரியவிட்டு மேலே சென்று அணைக்கலாம். பேஸ் கம்பி ஒரு சுவிட்சின் பொது முனைக்கு வரும். மற்றச் சுவிட்சின் பொது முனையிலிருந்து விளக்கிற்குச் செல்லும். எஞ்சிய முனைகளை இரண்டு கம்பிகள் இணைக்கும். இரண்டு சுவிட்சும் ஒரே கம்பியைத் தேர்ந்தால் விளக்கு எரியும். வேறு வேறு கம்பியைத் தேர்ந்தால் அணையும். நடுத்தளத்திலும் ஒரு சுவிட்சு வேண்டுமானால் நான்கு முனைகள் உள்ள இடைநிலைச் சுவிட்சைச் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு குறுக்குவழி உண்டு. கம்பியை மிச்சப்படுத்த, ஒவ்வொரு சுவிட்சிலும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கொண்டுவந்து இணைத்துவிடுவர். விளக்கு சரியாகவே எரிந்து அணையும். ஆனால் அணைந்திருக்கும் நேரத்தில் ஹோல்டரின் இரு முனைகளிலும் பேஸ் நிற்கக்கூடும். மேற்சொன்ன விதியை மீறும் செயல் இது.

இதே இருவழிச் சுவிட்சுகளைக் கொண்டு கிடங்கு ஒயரிங் செய்யப்படுகிறது. நீண்ட கிடங்கிற்குள் நடந்து செல்பவர் ஒவ்வொரு சுவிட்சைத் தட்டும்போதும் முன்னே உள்ள விளக்கு எரியும், பின்னே உள்ளது அணையும். திரும்பி வரும்போது எதிர்வரிசையில் நிகழும். ஏலக்காயும் வாழைத்தாரும் அடுக்கும் கிடங்குகள் நிறைந்த இப்பகுதிக்குப் பொருத்தமான முறை இது.

6 ஆம்பியரும் 16 ஆம்பியரும்

சுவிட்சின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் எண், அது தாங்கும் மின்னோட்டத்தின் அளவு. வீடுகளில் முன்பு 5, 15 என்றிருந்தவை இப்போது 6, 16 ஆகிவிட்டன. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் சுவிட்சு ஏறத்தாழ 1,380 வாட் வரையும், 16 ஆம்பியர் சுவிட்சு ஏறத்தாழ 3,680 வாட் வரையும் தாங்கும்.

2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது பல சமையலறைகளுக்குப் புதிதாகப் பிளக் பாயிண்ட் வந்தது. அந்தக் கருவிகளுக்கு 6 ஆம்பியர் போதுமானது. பின்னர் 2,000 வாட் இண்டக்சன் அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் அதே பிளக்கில் செருகப்பட்டன. 2,000 வாட்டுக்கு 8.7 ஆம்பியர் தேவை. சுவிட்சு உடனே எரிந்துவிடாது. உள்ளே சூடேறித் தொடுமுனை கருகி, பிளாஸ்டிக் மஞ்சளாகி, பல மாதம் கழித்தே பொசுங்கும். மூடி பழுப்பேறியிருந்தாலும் ‘சிர்’ என்ற ஓசை கேட்டாலும் அந்தச் சுவிட்சை உடனே மாற்ற வேண்டும். வாங்கும்போது வீட்டுச் சுவிட்சுக்குரிய ஐ.எஸ். 3854 தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

மெயின் சுவிட்சு முதல் ஆர்.சி.சி.பி. வரை

மின் அளவியை அடுத்து, வீடு முழுவதையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும் மெயின் சுவிட்சு இருக்கும். பழைய வீடுகளில் இது இரும்புப் பெட்டி. ஒருமுனை இணைப்பிற்கு ஐ.சி.டி.பி. என்றும், மும்முனை இணைப்பிற்கு ஐ.சி.டி.பி.என். அல்லது ஐ.சி.டி.பி. போன்ற எழுத்துகளை மனப்பாடம் செய்வதைவிட, பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிப்பது ‘இருமுனைச் சுவிட்சு’, மூன்று பேஸையும் ஒருசேரத் துண்டிப்பது ‘மும்முனைச் சுவிட்சு’ என்று அறிந்தால் போதும். கைப்பிடி ‘ஆன்’ நிலையில் இருக்கும்போது மூடியைத் திறக்க முடியாதபடி பூட்டு அமைப்பு வைத்திருப்பது இப்பெட்டியின் சிறப்பு. உள்ளே பீங்கான் பியூஸ் கட்டைகள் இருக்கும்.

மின்னோட்டம் மிகுந்தால் உருகித் துண்டிக்க வேண்டிய பியூஸ் கம்பிக்குப் பதில், அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் பரவலாக இருந்தது. அப்படிச் செய்தால் பியூசுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகும். இந்தக் கேட்டை நீக்கியது எம்.சி.பி. எனப்படும் சிறு தானியங்கித் துண்டிப்பான். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் இயங்கிய ஸ்டோட்ஸ் நிறுவனம் 1920களில் இதை உருவாக்கியது. மிகுசுமையில் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டையும், குறுக்குச்சுற்றில் நொடிப்பொழுதில் இழுக்கும் மின்காந்தமும் இதனுள் உள்ளன. கம்பி சுற்றி ஏமாற்ற இதில் இடமில்லை.

எம்.சி.பி. காப்பது ஒயரை; மனிதரை அல்ல. மனித உயிருக்கு ஆபத்தான மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் மிகச் சிறு பங்கு. அதற்கு எம்.சி.பி. அசையாது. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் ஒப்பிட்டு, 30 மில்லியாம்பியர் அளவு வேறுபாடு கண்டாலே துண்டிப்பது ஆர்.சி.சி.பி. திரும்பாத மின்னோட்டம் யாரோ ஒருவர் உடல் வழியாக நிலத்திற்குப் போயிருக்கலாம் என்பதே இதன் கணக்கு. 1956 விதிகளில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 61-ஏ விதி, பெரிய இணைப்புகளுக்கு இத்தகைய நிலக்கசிவுக் காப்பைக் கட்டாயமாக்கியது. இதன் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர்

இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் முயன்று உருவாக்கியதாகும். கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியபோது உழவருக்குப் புதிய வகைச் சுவிட்சு ஒன்று அறிமுகமாயிற்று. அதுவே ஸ்டார்ட்டர்.

பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு மின்காந்தம் தொடுமுனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிவப்பை அழுத்தினாலோ மின்சாரம் போனாலோ பிடி விட்டுவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. யாரேனும் வந்து மீண்டும் அழுத்த வேண்டும். சிறிய மோட்டார்களுக்கு நேரடி ஸ்டார்ட்டர் போதும். பெரியவற்றுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பர். அது தொடக்க மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது.

மும்முனை மின்சாரம் இரவில் வரும் காலங்களில், நள்ளிரவில் தோட்டத்திற்கு நடக்க இயலாமல், பலர் ஸ்டார்ட்டரைத் தானாக ஓடும்படி மாற்றிவைக்கின்றனர். இதற்கென விற்கும் ஆட்டோ சுவிட்சுகளில் நேரத் தாமதமும், ஒரு பேஸ் இல்லாதபோது மோட்டாரைத் தடுக்கும் காப்பும் உண்டு. பொத்தானில் குச்சியைச் செருகிவைப்பதில் இவை எதுவும் இல்லை. கிணற்றுக்குள் ஒருவர் இறங்கிக் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்தால் என்ன ஆகும் என்பதற்காகவே பிடிவிடும் அமைப்பு வைக்கப்பட்டது. கிணற்றில் இறங்குமுன் ஸ்டார்ட்டரை நிறுத்தினால் மட்டும் போதாது. மெயின் சுவிட்சையும் இறக்கி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வது அனுபவமுள்ளோர் வழக்கம்.

டிரான்ஸ்பார்மர் அருகில் ஏ.பி. சுவிட்சு

ஊர்க்கோடி டிரான்ஸ்பார்மரின் தூண்களில் உச்சியிலிருந்து ஒரு நீண்ட குழாய் கீழே இறங்கி, கைப்பிடியில் முடிந்து பூட்டப்பட்டிருக்கும். இதுவே ஏ.பி. சுவிட்சு. 11 அல்லது 22 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பிகள் மூன்றையும் ஒருசேரக் காற்றில் பிரிப்பது இதன் வேலை. பிரிந்த இடைவெளியைத் தரையில் நிற்பவர் கண்ணால் பார்க்க முடிவது இதன் பெரும் பயன். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது திறக்க இது ஏற்றதன்று. ஆகவே தாழ்வழுத்தப் பக்கத்தைத் துண்டித்த பின்பே இதை இறக்குவர்.

இதைத் திறந்த பின்னும் கம்பியைத் தொடலாகாது. மின்னழுத்தம் இல்லையெனச் சோதித்து, எர்த் ராடு கொண்டு கம்பிகளை நிலத்தோடு இணைத்த பிறகே மின் ஊழியர் மேலே கை வைக்க வேண்டும். ஊர்மக்கள் தாமே கைப்பிடியை இறக்கி ஏறுவது குற்றம் மட்டுமன்று. உயிரைப் பணயம் வைப்பதும் ஆகும்.

திருவிழாவும் மாற்றுச் சுவிட்சும்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் மக்கள் அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருவர். ராட்டினங்களும் கடைகளும் சீரியல் விளக்குகளுமாக ஊர் நிறையும். தற்காலிக ஒயரிங், ஈரத் தரை, வெறுங்கால், நெரிசல் ஆகிய நான்கும் ஒன்றுகூடும் இத்தகைய இடங்களில் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பு இருக்கவே கூடாது.

மின்வாரிய இணைப்புடன் ஜெனரேட்டரும் இருக்கும் இடத்தில் மாற்றுச் சுவிட்சு தேவை. ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும்படி இது அமைந்திருக்கும். இது இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் சொருகினால், அதன் மின்சாரம் கம்பி வழியே பின்னோக்கிச் சென்று டிரான்ஸ்பார்மரை அடையும். அங்கே அது உயரழுத்தமாக மாறும். மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரை அது கொல்லும்.

தேரோடும் நாளில் வீதியின் மின்கம்பிகளில் மின்சாரம் நிறுத்தப்பட வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். அணைக்கப்பட வேண்டிய ஒரு சுவிட்சு அணைக்கப்படாதபோது விலை எவ்வளவு என்பதற்கு அந்த நாள் சான்று.

சூரிய மின்சாரமும் பழைய சிக்கலும்

இன்று மாடிகளிலும் தோட்டங்களிலும் சூரியத் தகடுகள் ஏறிவிட்டன. அரசு மானியத்துடன் சூரியசக்தி பம்புசெட்டுகளும் வந்துள்ளன. தகடு தருவது நேர்மின்சாரம். ஹோம்ஸ் 1884இல் போராடிய அதே மின்வில் இங்கே திரும்பி வருகிறது. நேர்மின்சாரம் சுழியைத் தொடுவதே இல்லை. எனவே மாறுமின்சாரத்திற்கெனச் செய்த சுவிட்சையோ எம்.சி.பி.யையோ தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே வைத்தால், திறக்கும்போது சுடர் அணையாமல் நின்று பெட்டியையே எரித்துவிடக்கூடும். வெயில் இருக்கும் வரை தகட்டில் மின்சாரத்தை நிறுத்தவும் முடியாது. ஆகவே நேர்மின்சாரத்திற்கு உரியது என்று குறிக்கப்பட்ட துண்டிப்பானையே அங்குப் பொருத்த வேண்டும். கடையில் கேட்கும்போது ஆம்பியர் எண்ணுடன் ‘டி.சி.’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

புதிய இணைப்புப் பெற, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை தேவைப்படுகிறது. ஒயரிங் செய்வோருக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் நடத்தப்படுகிறது. இவற்றை வெறும் சடங்காகக் கருதாமல், தகுதியுள்ளவரிடம் வேலையை ஒப்படைத்து, முடிந்தபின் மூன்றை மட்டும் வீட்டுக்காரரே கேட்டறிய வேண்டும்: எல்லாச் சுவிட்சும் பேஸில் உள்ளனவா, ஆர்.சி.சி.பி. சோதனைப் பொத்தானுக்கு இறங்குகிறதா, மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரியுமா.